கதவுக்கு முன்னால் நான்கு பக்கங்கள்

அடுத்த வாரத்திலிருந்து பிரெஞ்சு நாவல்களைச் சுருக்கும் வேலை உங்கள் இருவர் கைக்கு வருகிறது. கோப்புகள் எங்கே இருக்கின்றன, ஒலிப்பதிவு அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையெல்லாம் மேலாளர் சொல்லிவிடுவார். எதை வெட்டுவது, எதை விட்டுவைப்பது என்பதை அவரால் சொல்ல முடியாது. அதை மட்டும் நான் எழுதிவைத்துவிட்டுப் போகிறேன். முப்பத்தொரு வயதில் ஓய்வு பெற்றவளைப் போலப் பேசுகிறாளே என்று சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். ஷார்ஜா தொழில்பேட்டையில், ஒரு பக்கம் டயர்க் கடையும் மறுபக்கம் பெயின்ட் கிடங்கும் இருக்கும் கட்டடத்தின் மாடியில் ஆறு வருடம் உட்கார்ந்து நாவல் படித்தவளுக்கு அந்த உரிமை உண்டு.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி சுமக்கிறவரின் மகள் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள். எங்கள் ஊர்ப் பள்ளியில் பிரெஞ்சு எடுக்கலாம் என்பதால் எடுத்தேன். பிடித்துப்போய்க் கல்லூரியிலும் அதையே படித்தேன். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன், குறைத்துச் சொல்ல எனக்கு வராது. ஆனால் இந்த வேலையில் நான் செய்த முதல் பெரிய தவறும் அந்தப் பெருமையிலிருந்துதான் வந்தது.

நம் நாவல்களை யார் கேட்கிறார்கள் என்பதை முதலில் மனதில் வையுங்கள். தொழிலாளர் கேம்ப்பிலிருந்து சைட்டுக்குப் போகும் பேருந்தில், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடியபடி கேட்கிறவர்கள். அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் கம்பெனிகள் நம்மிடம் தொடரை வாங்கி அவர்கள் போனுக்கு அனுப்புகின்றன. ஒரு பகுதி இருபது நிமிடம். பிரெஞ்சு நாவலாசிரியருக்கோ அந்த இருபது நிமிடத்தில் ஒரு அறைகலன் கடையின் பாதியைத்தான் வர்ணிக்க முடியும். அதனால் நம் வேலையில் பாதி, வர்ணனையோடு நடத்தும் பேரம்.

நான் தவறு செய்த நாவலின் பெயர் வேண்டாம். கதை இதுதான். அன்செல்ம் என்ற இளைஞன் மலையடிவாரத்தில் தோல் பதனிடும் ஒரு சிற்றூரிலிருந்து துறைமுக நகரத்துக்குப் பிழைக்கப் போகிறான். மூட்டை தூக்குகிறவர்கள் தங்கும் ஒரு பரண் மாடியில் அவனுக்கு ஒரு கட்டில் கிடைக்கிறது. அந்த மாடியை ஆசிரியர் மூன்று பக்கம் வர்ணிக்கிறார். கட்டில்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன, காலணிகள் எந்த ஆணியில் தொங்குகின்றன, மழை எந்த இடத்தில் ஒழுகுகிறது, ஒரே ஒரு ஜன்னலிலிருந்து வரும் காற்று எத்தனை பேரைத் தாண்டி எங்கே வந்து நின்றுவிடுகிறது. அதற்கு அடுத்த பக்கத்தில் அன்செல்முக்கும் இன்னொருவனுக்கும் அடிதடி.

நான் மூன்று பக்கத்தையும் வெட்டினேன். பத்துப் பேர் அறையில் படுத்து எழுகிறவர்களுக்குப் பத்துப் பேர் அறையை எதற்கு வர்ணிக்க வேண்டும்? சட்டென்று சண்டைக்குப் போனால் கதை விறுவிறுப்பாக இருக்கும் என்று நினைத்தேன். உள்ளுக்குள் இன்னொன்றும் இருந்தது, அதையும் மறைக்க விரும்பவில்லை. வர்ணனையை ரசிக்கப் படிப்பு வேண்டும், எனக்கு இருக்கிறது, இவர்களுக்கு இல்லை என்று நினைத்தேன். என் அப்பாவுக்குக் கதை சொல்லியிருந்தாலும் இதையேதான் செய்திருப்பேன்.

பகுதி வெளியான மறுநாள் அலுவலக வாட்ஸ்அப்புக்கு ஒரு குரல் பதிவு வந்தது.

"வணக்கம்க்கா. ருவைஸ் கேம்ப்லேருந்து சண்முகம் பேசறேன். அரியலூர் பக்கம். ஸ்கேஃபோல்டிங், சாரம் கட்டுற வேல. கத நல்லாத்தான் போவுது. நேத்து சண்டதான் புரியல. அவன் கட்டிலு எங்க இருக்கு? மேலயா, கீழயா? ஜன்னல் பக்கமா, பாத்ரூம் பக்கமா? அதச் சொல்லாம ரெண்டு பேரு அடிச்சிக்கிறாங்கன்னா நாங்க யாரு பக்கம் பேசறது?"

பின்னாலிருந்து ஒரு குரல், "ஏசிக்கு நேரா இருக்கான்னு கேளுடா!"

"அது அந்தக் காலத்துக் கதடா. ஏசி ஏதுடா?" என்று அவனை அதட்டிவிட்டு சண்முகம் தொடர்ந்தார். "ரூமே ரெண்டு கட்சியாப் போச்சுக்கா. கொஞ்சம் அந்த எழுதுனவரக் கேட்டுச் சொல்லுங்க."

எழுதியவர் செத்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் பதில் சொல்லிவிட்டுத்தான் செத்திருக்கிறார். அன்செல்முக்குக் கிடைத்தது ஒழுகுகிற மூலையில் மேல் கட்டில். அவன் பிடித்துக்கொண்டது இன்னொருவனுடைய ஜன்னல் ஓரத்துக் கீழ் கட்டில். அந்த மூன்று பக்கம் சண்டைக்கு முன்னால் கதையை நிறுத்திவைத்திருப்பதாக நான் எண்ணினேன். உண்மையில் சண்டை அந்த மூன்று பக்கத்திலேயே தொடங்கிவிட்டது. ஒரே ஜன்னல், ஒரே காற்று, இத்தனை பேர் என்று கேட்டதுமே கேம்ப்பில் இருக்கிற எவருக்கும் கை முறுக்கேறியிருக்கும். அந்த அறையை அவர்கள் அளவுக்கு அறியாதவள் நான்தான். அதனால்தான் வெட்டத் துணிந்தேன்.

அதன்பின் நான் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். இனி ஒரு வரியையும் வெட்டக்கூடாது என்று முடிவுகட்டினேன். அடுத்த சில அத்தியாயங்களுக்குப் பின் துறைமுகத்து மீன் சந்தை வந்தது. ஆறு பக்கம். துறைமுகத்துப் பெண்ணுக்கு அதைவிட என்ன வேண்டும்? ஒவ்வொரு மீனுக்கும் எங்கள் ஊர்ப் பெயரைத் தேடித் தேடி வைத்தேன். செதிள் மினுங்குவதை மட்டும் அரைப் பக்கம் எழுதினேன்.

நம் தொடரை வாசிப்பவர் ஆன்டனி அண்ணன். நாகர்கோவில்காரர். பகலில் ஏசி மெக்கானிக். மாலையில் நமக்கு வாசிக்க வருவார். ஊரில் மாதா கோவிலில் வாசகம் வாசித்துப் பழகிய குரல். மீன் சந்தையில் மூன்றாவது பக்கத்தில் அவர் கையை உயர்த்தி ஒலிப்பதிவை நிறுத்தச் சொன்னார்.

"பிள்ளே, இந்த ஒரு தாளுல பதினாலு 'கொண்டிருந்தது' இருக்கு. மின்னிக்கொண்டிருந்தது, துள்ளிக்கொண்டிருந்தது, நாறிக்கொண்டிருந்தது. நான் கதை வாசிக்கேனா, ரயிலு ஓட்டுகேனா?"

"அண்ணே, பிரெஞ்சில அப்படித்தான் இருக்கு."

"இருக்கட்டும். இப்ப அந்தப் பயல் அன்செல்ம் எங்க நிக்கான்?"

யோசித்துப் பார்த்தேன். அந்த ஆறு பக்கத்திலும் அவன் இல்லை. சந்தைக்கே வரவில்லை. மீனை யாரும் பார்க்கவில்லை. ஆசிரியர் மட்டும் பார்த்தார், பிறகு நான் பார்த்தேன். ஆனால் பிடிவாதமாக, "வாசிங்க அண்ணே" என்றேன். வாசித்தார். கேட்டவர்கள் கூட்டம் கூட்டமாக இறங்கிப் போனார்கள்.

மறுவாரம் மேலாளர் தன் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். கேட்பவர்கள் எந்த நிமிடத்தில் நிறுத்துகிறார்கள் என்று காட்டும் கோடு அது.

"இங்க பாரும்மா. நல்லாத்தான் கெளம்புது. மீன் மார்க்கெட் வந்தோன பள்ளத்துல விழுந்து எந்திரிக்கவே இல்ல." அவர் கத்தவில்லை; கத்துகிறவரும் இல்லை. "அந்த கம்பெனிக்காரங்க சந்தேகப்படுறாங்க. ருவைஸ் கேம்ப்புக்கு நேர்ல வந்து ஒரு அத்தியாயம் வாசிச்சுக் காட்டுங்கங்கிறாங்க. ஆளுங்க உக்காந்து கேட்டா தொடர் ஓடும். எந்திரிச்சுப் போனா பிரெஞ்சு கலாஸ், முடிஞ்சுது. வர்ற மாசம் உன் விசா முடியுது. பிரெஞ்சே இல்லைன்னா எதைச் சொல்லி நான் புதுப்பிக்க? இதுல வர்ணனை கிர்ணனைன்னு வச்சுக்காத. சரியா?"

சரி என்றேன். காரைக்காலில் அப்பா துறைமுகம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார், தன் மகள் துபாய்ப் பக்கம் புத்தகத்தில் வேலை பார்க்கிறாள் என்று. அந்த மகள் அடுத்த மாதம் பெட்டியோடு போய் இறங்கினால் அவர் துறைமுகத்தில் என்ன சொல்வார்?

வாசிக்க வேண்டிய அத்தியாயம், அன்செல்ம் ஊர் திரும்புவது. பதினொரு வருடம் கழித்து அக்காளிடமிருந்து இரண்டு வரிக் கடிதம் வருகிறது: அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, உடனே வா. அவன் ரயிலில் வந்து இறங்குகிறான். ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக் கதவு வரை நான்கு பக்கம் வர்ணனை. பிறகு கதவைத் தட்டுகிறான். அக்காள் திறக்கிறாள். அம்மாவை அடக்கம் செய்து மூன்று நாள் ஆயிற்று. இருவருக்கும் பெரிய வாக்குவாதம்.

மேலாளருக்காக ஒரு சிறிய படி தயார் செய்தேன். நான்கு பக்கம் ஆறு வரியாயிற்று. கதவும் வாக்குவாதமும் முழுதாக இருந்தன. பதினைந்து நிமிடம் வந்தது. அவருக்குத் திருப்தி. பிறகு, யாரும் கேட்காமலே, முழு நான்கு பக்கத்தையும் மொழிபெயர்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அதற்கும் வாசிக்கப் பதினைந்து நிமிடம்.

அந்தப் பக்கங்களில் என்னதான் இருக்கிறது? ரயில் நிலையத்துக் கடிகாரம். கிளை வெட்டிய மரங்கள். நண்பகலில் பாதி இறக்கியிருக்கும் ரொட்டிக் கடைக் கதவு. துணி துவைக்கும் துறையில் அவனைக் கண்டதும் அடிப்பதை நிறுத்துகிற பெண்கள். அவனுக்கு ஒருநாளும் வணக்கம் சொல்லாத தோல் முதலாளி தொப்பியைக் கழற்றுவது. கடைசியில் அம்மாவின் ஜன்னல். பகலில் ஒருபோதும் சாத்தாத ஜன்னல் சாத்தியிருக்கிறது. அவ்வளவுதான். செத்தாள் என்று எந்த வரியிலும் இல்லை.

முதல் இரண்டு தடவை எனக்கும் அது தெரு வர்ணனையாகத்தான் தெரிந்தது. மூன்றாவது தடவை படிக்கும்போதுதான் நாம் இருக்கும் ஊர் நினைவுக்கு வந்தது. இங்கே இருப்பவனுக்கு வீட்டில் யாரும் சாவைப் போனில் சொல்வதில்லை. "சீரியஸா இருக்கு, கெளம்பி வா" என்பார்கள். விமானத்தில் தனியாக வருகிறவன் உடைந்துவிடக் கூடாது என்று செய்கிற கருணை அது. அதனால் அவன் விமான நிலையத்திலிருந்து வீடு வரைக்கும் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே போவான். கூப்பிட வந்தவன் முகம், தெருமுனை, கடை, வாசல். அன்செல்ம் தெருவை ரசிக்கவில்லை. அவன் தெருவிடம் கேட்டுக்கொண்டே போகிறான்.

மீன் சந்தைக்கும் இந்தத் தெருவுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்று அன்றைக்கு எனக்குப் பிடிபட்டது. வர்ணனை வரும்போது, பக்கம் எவ்வளவு என்று எண்ணாதீர்கள். யார் பார்க்கிறார் என்று கேளுங்கள். பார்க்கிறவன் எதைக் கண்டுவிடுவோமோ என்று பயப்படுகிறான் என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் இருந்தால் கதை நிற்கவில்லை, ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இல்லையென்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் சுருக்குங்கள். மீன் பக்கங்களை நான் இன்றைக்கும் திரும்பச் சேர்க்க மாட்டேன்.

ஆனால் இதை மேசையில் கண்டுபிடிப்பது வேறு, இருநூறு பேருக்கு முன்னால் நம்புவது வேறு.

ஒரு சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ருவைஸ் கேம்ப்பில் வாசிப்பு என்று ஏற்பாடு. நாங்கள் மூவரும் மேலாளரின் காரில் முன்னதாகவே போய்விட்டோம். டியூட்டி பஸ்கள் வரவில்லை. ஆறேமுக்காலுக்குத்தான் வந்தன. ஆட்கள் முகம் கழுவிய ஈரத்தோடும், சிலர் காலித் தட்டோடும் ஹாலுக்குள் நுழைந்தார்கள். மெஸ்ஸில் அவர்கள் முறை ஏழு மணிக்கு. ஜன்னலுக்கு வெளியே குழம்பு வாசனை.

தாடி நரைத்த கேம்ப் பாஸ் பாகிஸ்தான்காரர். தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "பந்த்ரா மினிட், மேடம். உஸ்கே பாத் கானா. கலாஸ்."

பதினைந்து நிமிடம்தான், பிறகு சாப்பாடு.

ஒல்லியான ஒருவர் என்னிடம் ஒரு டீயை நீட்டினார். "நாந்தாங்க்கா சண்முகம். இன்னிக்காவது கட்டிலு எந்தப் பக்கம்னு சொல்லிருவீங்களா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்க வரவில்லை.

ஆன்டனி அண்ணன் மைக்கைச் சரிசெய்துகொண்டே கேட்டார், "பிள்ளே, எந்தத் தாளு?"

"சின்னது," என்றார் மேலாளர். "அளவெடுத்த மாதிரி பதினஞ்சு நிமிஷம். தட்டுறான், திறக்கிறா, சண்டை, முடிஞ்சது. ஆளுங்க சாப்பிடப் போயிருவாங்க."

அவர் சொன்னதில் தவறே இல்லை. பசித்தவனுக்கு முழுக் கதையைக் கொடுத்து அனுப்புவதுதான் நியாயம். நான் ஹாலைப் பார்த்தேன். கதவோரத்தில் நின்றவர்கள் ஒரு காலை வெளியே வைத்திருந்தார்கள். அன்செல்மை ஆறு வரியில் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினால், அவன் அம்மா செத்த சேதி இவர்களுக்கு யாரோ ஒருவர் வீட்டுச் சேதி. சண்டை இன்னொரு சண்டை. கட்டில் தெரியாத அடிதடிதான் மறுபடியும்.

பையைத் திறந்து பெரிய படியை எடுத்தேன். "இதை வாசிங்க அண்ணே. கதவு வரைக்கும். கையைத் தூக்குறான் பாருங்க, அங்க நிறுத்திடுங்க."

மேலாளர் என்னைத் தனியே இழுத்தார். "முடிவே இல்லாமயா? ஏம்மா, உன் விசாவ நீயே கிழிக்கிற."

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா?"

"இந்த ஒரு தடவை சார்."

அவர் என்னைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார். அதற்குள் ஆன்டனி அண்ணன் தொண்டையைச் செருமிவிட்டார்.

முதல் பக்கம் கொடுமையாகப் போனது. கடிகாரம், மரங்கள். செருப்புகள் தேய்ந்தன. ஒரு தட்டு கீழே விழுந்து சுழன்றது. கதவோரத்தில் இரண்டு பேர் வெளியேறினார்கள். மேலாளர் அவர்களை எண்ணுவது எனக்குத் தெரிந்தது. ஆன்டனி அண்ணன் அவசரப்படவில்லை. அந்த மனிதரிடம் எனக்கு ஆயுளுக்கும் மரியாதை உண்டு என்றால் அந்த நிமிடத்துக்காகத்தான். ரொட்டிக் கடையின் பாதி இறக்கிய கதவு வந்தபோது செருப்புச் சத்தம் குறைந்தது. துவைக்கும் பெண்கள் கையை நிறுத்தியபோது பின்வரிசையில் ஒருவர், "ப்ச்" என்றார். தோல் முதலாளி தொப்பியைக் கழற்றியபோது ஹாலில் மின்விசிறி ஓடுவது கேட்டது. வெளியே போன இருவரில் ஒருவர் திரும்பி வந்து நிலைப்படியில் நின்றார்.

ஜன்னல் சாத்தியிருந்தது. அன்செல்ம் கதவைத் தட்டக் கையைத் தூக்கினான். ஆன்டனி அண்ணன் தாளை இறக்கினார்.

யாரும் கைதட்டவில்லை. யாரும் எழவில்லை. மூன்றாவது வரிசையில் ஒருவர் மட்டும் மெல்ல எழுந்தார். நாற்பது வயது இருக்கும். மழித்த தலையில் முடி அப்போதுதான் அரும்பத் தொடங்கியிருந்தது.

"தட்ட வேணாம்னு சொல்லுங்கம்மா அவன்ட்ட," என்றார். "அவன் அங்கனயே கொஞ்ச நேரம் நிக்கட்டும்."

"சரிங்க அண்ணே. இன்னிக்கு தட்ட மாட்டான்," என்றேன்.

கேம்ப் பாஸ் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு தாண்டியிருந்தது. "கதம்?" முடிந்ததா என்று என்னிடம் கேட்டார். நான் தலையசைத்தேன். அவர் ஹாலைப் பார்த்தார். இருநூறு பசித்த ஆட்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சொல்லும் புரியாத அந்த மனிதர் போனை எடுத்து மெஸ்ஸுக்குப் பேசினார். "ஆதா கண்ட்டா ருக்கோ." அரைமணி நேரம் நிறுத்திவை. பிறகு மேலாளரிடம் ஹிந்தியில் ஏதோ கேட்டார். மேலாளர் என் காதருகே வந்து மொழிபெயர்த்தார்: "அடுத்த மாசம் வரும்போது ஒரு மணி நேரம் வேணுமான்னு கேக்குறாரு." சிறிது நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே, "பாஸ்போர்ட்டை நாளைக்கு ஆபீஸ்ல குடுத்துரு. புதுப்பிக்கணும்," என்றார்.

கிடைத்த அரைமணியில் நாங்கள் ஒரு வரியும் வாசிக்கவில்லை. வாசிக்க விடவில்லை. சண்முகம்தான் தொடங்கினார், தன் ஊர்ப் பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு எத்தனை அடி என்று. பக்கத்தில் இருந்தவர் தன் தெருவைச் சொன்னார். பிறகு ஆளாளுக்குச் சொன்னார்கள். பாலம், ரேஷன் கடை, பள்ளிக்கூடச் சுவர். ஒருவர் சொல்லும்போது மற்றவர்கள் குறுக்கே பேசவில்லை. எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று மட்டும் கேட்டார்கள்.

தலை மழித்திருந்தவரிடம் பக்கத்தில் இருந்தவர், "அம்மா போனது உனக்கு எப்பண்ணே தெரிஞ்சது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"காருல கூப்பிட வந்த தம்பி ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல. எங்க ஊரு முக்குல டீக்கடை இருக்கு. கடைக்காரரு என்னயப் பாத்தா உக்காந்த எடத்துலருந்தே, 'என்னப்பா, எப்ப வந்த?'ம்பாரு. அன்னைக்கு எந்திரிச்சு நின்னாரு."